எழுத்து தெரிய வேண்டும்: ஆப்பிளின் மென்பொருள் வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிள் மென்பொருள் வடிவமைப்புக் குழுவினருக்கு வணக்கம்.

ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 26 வெளிவந்த 2025 செப்டம்பர் 15 முதல், திரையின் அடுக்குகளைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியவைக்கும் அதன் லிக்விட் கிளாஸ் தோற்றத்தைப் பற்றிக் குவிந்துவரும் புகார்களை நீங்கள் படிக்காமல் இல்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் நீங்கள் செய்த மாற்றங்களே அதற்குச் சாட்சி. ஆகவே அது யார் யாருக்கு ஏன் பிடிக்கவில்லை என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இந்த மடலை எழுத வைத்தது 26.2 பதிப்பு. பூட்டுத்திரைக் கடிகாரத்தின் கண்ணாடித்தன்மையைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு ஸ்லைடர் கொடுத்தீர்கள். அந்தத் திரையிலேயே மிகப் பெரிய எழுத்து கடிகாரம்தான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் வந்து விழும் அறிவிப்புகளுக்கு அப்படி ஒரு ஸ்லைடர் இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டியிருப்பது அவற்றைத்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அதே ஸ்லைடரை அறிவிப்புகள், கண்ட்ரோல் சென்டர், செயலிகளின் அடியில் இருக்கும் பொத்தான் பட்டையான டேப் பார் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொடுங்கள். அப்டேட் முடிந்து போன் முதல்முறை திறக்கும்போதே அதைக் கண்ணில் படும்படி வையுங்கள்.

சிக்கல் எங்கே என்பது உங்களுக்கும் தெரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி. 2008இலிருந்து இருக்கும் எண் இது. உங்கள் வடிவமைப்பு வழிகாட்டியும் இதே எண்ணைத்தான் சொல்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் எழுத்து 4.54:1 பெற்று மயிரிழையில் தேறும். அதையே #999999 ஆக்கினால் 2.85:1க்கு இறங்கிவிடும். பின்னணி மாறாமல் இருந்தால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடலாம். கண்ணாடி அடுக்கில் அது முடியாது. அடியில் எந்தப் படம், எந்தப் பக்கம் வரும் என்பது வடிவமைப்பவருக்கே தெரியாது. அடியில் இருப்பதைப் பார்த்து எழுத்தைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாற்றும் ஏற்பாடு உங்களிடம் இருக்கிறது. அடியில் ஒரே சீரான நிறம் இருக்கும்வரை அது நன்றாகவே வேலை செய்கிறது. பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக இருந்தால், எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பாதி எழுத்து மங்கத்தான் செய்யும். ஸ்க்ரோல் செய்யும்போது பட்டை வெளுத்தும் கறுத்தும் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி வரும் ஒரு படத்தைப் பூட்டுத்திரையில் வையுங்கள். தோற்றம் ‘கிளியர்’ என்ற தெளிந்த கண்ணாடி நிலையில் இருக்கட்டும். இரண்டு வரிச் செய்தி ஒன்றை அந்தப் போனுக்கு அனுப்பி, ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எழுத்தின் நிறத்தையும், அதை ஒட்டிய பின்னணியின் நிறத்தையும் பட்டைக்குப் பட்டை கலர் பிக்கரால் எடுத்து விகிதம் போட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்துக்குள் எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும். தமிழில் அனுப்பிப் பார்த்தால் இன்னும் நல்லது. புள்ளி மங்கினால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

மாற்று வழிகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, வெவ்வேறு இடங்களில். 26.1இல் வந்த, கண்ணாடியின் ஊடுருவலைக் குறைக்கும் ‘டின்டெட்’ தேர்வு, செட்டிங்ஸில் டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ் பக்கத்தில் லிக்விட் கிளாஸ் என்ற தலைப்புக்குள் இருக்கிறது. ‘ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி’யும் ‘இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்’டும் ஆக்சஸிபிலிட்டிக்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ் பக்கத்தில். அசைவைக் குறைக்க மோஷன் என்று இன்னொரு பக்கம். டின்டெட் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் இருப்பது இரண்டே படி. ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சியைப் போட்டால் எழுத்து தெரிகிறது, ஆனால் அடுக்குகள் ஏறக்குறைய முழுதாக அடைபட்டு, பொத்தான் எங்கே முடிகிறது என்பது குழம்புகிறது. அதைச் சரிசெய்ய இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட்டைப் போட்டால் எல்லாவற்றைச் சுற்றியும் கோடு விழுகிறது. செயலி தானாக வரைந்துகொண்ட அடுக்குகளிலோ, அதை எழுதியவர் இந்த அமைப்பைக் கவனித்திருந்தால்தான் பலன். ஒரு செய்தியைப் படிக்க மூன்று பக்கங்களில் சுவிட்ச் தேட வைப்பது நியாயமில்லை. பார்வைக் குறை உள்ளவர்களுக்கென வைத்த அமைப்புகளை நல்ல பார்வை உள்ளவர்களும் தேடிப் போகிறார்கள் என்றால், மாற்ற வேண்டியது இயல்பு நிலையைத்தான்.

பிழைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 26.1, 26.2 என்று புள்ளிப் பதிப்பு வரும், பிழை தீரும். எழுத்து மங்குவது பிழையல்ல, நீங்கள் எடுத்த முடிவு. சோதனைக் காலத்திலேயே மூன்றாம் பீட்டாவில் கண்ணாடியைப் பனிபடர்ந்ததுபோல் ஆக்கினீர்கள், நான்காம் பீட்டாவில் மறுபடி தெளிவாக்கினீர்கள். எந்த அளவு சரி என்பதில் உங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாதபோது, அந்த அளவைப் பயனரிடம் விட்டுவிடுவதில் என்ன தடை?

செயலி எழுதுபவர்களுக்கு மட்டும் விலகிக்கொள்ள வழி கொடுத்திருக்கிறீர்கள். தங்கள் செயலியின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் பழைய தோற்றத்தில் தொடரலாம், அதுவும் தற்காலிகமாக. போனைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த ஒரு வரி இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், அதை நிறுவ அனுமதிக்கும் டிஜிட்டல் கையொப்பத்தை நீங்கள் நிறுத்திய நாளோடு கதவு அடைபட்டுவிடுகிறது. பாதுகாப்புத் திருத்தமும் புதுத் தோற்றமும் பெரும்பாலும் ஒரே பொட்டலமாக வருகின்றன. பாதுகாப்பு வேண்டுமென்று அப்டேட் செய்கிறவர், கேட்காத தோற்றத்தையும் வாங்கிக்கொள்கிறார். இந்த ஏற்பாடு எங்களுக்குக் கோபமூட்டுகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

திருத்திக்கொள்ள உங்களால் முடியும் என்று தெரிந்துதான் எழுதுகிறோம். 2013 செப்டம்பர் 18 அன்று ஐஓஎஸ் 7 வந்தபோது அதன் பாய்ச்சல் அசைவுகளால் தலைசுற்றல், குமட்டல் என்று புகார்கள் வந்தன. அக்டோபர் 22 அன்றே 7.0.3 வெளியிட்டு, மோஷன் அமைப்பால் அந்த அசைவுகளை நிறுத்த வழி செய்தீர்கள். பொத்தான் எது, வெறும் எழுத்து எது என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு 2014 மார்ச்சில் 7.1இல் பொத்தான் வடிவங்களைக் கொடுத்தீர்கள்.

இப்போது கேட்பது அதைவிடச் சிறியது. கடிகாரத்துக்கு எழுதிய ஸ்லைடர் கையில் இருக்கிறது. அதை அறிவிப்புகளுக்கும், கண்ட்ரோல் சென்டருக்கும், டேப் பாருக்கும் நீட்டுங்கள். ஸ்லைடர் எங்கே நின்றாலும் சிறிய எழுத்து 4.5:1க்குக் கீழே போகாதபடி, தேவைப்படும் இடத்தில் அடுக்கு தானாகத் தடிக்கட்டும். அடுத்த புள்ளிப் பதிப்பிலேயே இது வர ஆவன செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
நாள் முழுதும் இந்தத் திரையைப் படித்து வேலை செய்யும் பயனர்கள்