பந்தைத் தடுத்து ஆடியவர் நீதிபதியான கதையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, நமக்கு விடியற்காலை 5 மணி வாக்கில் அமெரிக்காவில் சூப்பர் பவுல், அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டி, ஆரம்பிக்கும். அடுத்த நாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வரும், இடைவேளையில் யார் பாடினார்கள், விளம்பரத்துக்கு எத்தனை கோடி, பந்தை எறிந்த குவார்ட்டர்பேக் யார் என்பதோடு முடிந்தும்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், முப்பது வருஷமாக உங்கள் பேப்பர்தான் வாங்குகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். அந்த ஆட்டத்தில் எறிகிறவனைத் தடுக்கிறவர்கள் என்று பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி நம் பையன்கள் கண்ணில் படுகிற மாதிரி நீங்கள் எழுத வேண்டும். அவர் பெயர் ஆலன் பேஜ்.

நான் வியாசர்பாடிக்காரன், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் கால்பந்து எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், நம் ஆட்டத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, காலை நடையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பலகையில் 'ஜஸ்டிஸ் பேஜ் மிடில் ஸ்கூல்' என்று போட்டிருந்தது. யாரோ பழைய காலத்து நீதிபதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே, "மாமா, அவர் இந்த ஊர் டீமுக்கு டிஃபென்ஸ் ஆடினவர்" என்றார். அந்தப் பள்ளிக்கு முன்பு ஒரு பழைய ஆளுநர் பெயர் இருந்ததாம், 1862-இல் பழங்குடி மக்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பேசிய ஆளுநர். அவர் பெயர் எங்களுக்கு வேண்டாம் என்று பிள்ளைகளே கிளம்பி, 2017-இல் பேஜ் பெயரை வைக்க வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரியே உட்கார்ந்து அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

1945-இல் ஓஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் பிறந்தவர். எஃகு ஆலை ஊர், கறுப்பினப் பையனுக்கு அங்கே கண்ணுக்குத் தெரிந்த வேலை ஆலைதான். இவருக்கோ சின்ன வயதிலேயே வக்கீல் ஆக வேண்டும் என்ற எண்ணம். அதே ஊரில்தான் அமெரிக்க ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கட்டினார்கள், பெரிய ஆட்டக்காரர்களுக்கான மரியாதை மண்டபம், 1963-இல் திறந்தது. அந்தக் கட்டட வேலையில் பையனாக இருந்த பேஜ் கூலிக்கு நின்றிருக்கிறார். 25 வருஷம் கழித்து, 1988-இல், அதே மண்டபத்துக்குள் அவருக்கே சிலை வைத்தார்கள்.

1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரை எடுத்தது. டிஃபென்சிவ் டேக்கிள். நாலு பேர் வரிசையாகக் குனிந்து கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள், பந்து நகர்ந்த நொடியில் எதிரே மலை மாதிரி நிற்கிறவர்களைத் தாண்டிப் போய் எறிகிறவனைக் கீழே சாய்க்க வேண்டும். பேஜ் அந்த வரிசைக்கு உடம்பில் கொஞ்சம் சின்னவர், ஆனால் முதல் அடி எடுத்து வைக்கும் வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற நம் ஸ்டாப்பர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், இடிக்கிற பலம் அப்புறம், முதல் அடி முந்தி விழணும். 1971-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது, தடுத்து ஆடுகிற ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் 1986-இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. கோல் போட்டவன் போட்டோதான் பேப்பரில் வரும் என்பது அந்த ஊரிலும் இருக்கிறது பாருங்கள். எறிகிறவனைச் சாய்ப்பதை அவர்கள் சாக் என்பார்கள், அந்த எண்ணிக்கையை லீக் அதிகாரபூர்வமாக எழுதி வைக்க ஆரம்பித்ததே 1982-இல். பேஜ் 1981-இல் ஆடி முடித்துவிட்டார். 15 சீசன், ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் ஆடியவருடைய முக்கியமான கணக்கே லீக் புத்தகத்தில் இல்லை. நாலு சூப்பர் பவுல் ஆடி நாலிலும் அவர் அணி தோற்றது, அது வேறு.

இனிமேல்தான் நான் இந்தக் கடிதத்தை எழுதிய காரணம். ஆட ஆரம்பித்த புதிதில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரத்திலேயே விட்டுவிட்டார். அப்படியே போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், அப்போதே பெரிய ஸ்டார். சில வருஷம் கழித்து மறுபடி போய் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்தார், ஆடிக்கொண்டே படித்தார், 1978-இல் பட்டம் வாங்கினார். அதே காலத்தில் மனைவி டயான் சிகரெட்டை விடுவதற்காக ஓட ஆரம்பிக்க, துணைக்கு இவரும் ஓடி ஓடி உடம்பு இளைத்துவிட்டது. எடை போதாது என்று சொல்லி 1978 சீசன் நடுவிலேயே வைக்கிங்ஸ் அவரை வெளியே விட்டது. சிகாகோ பேர்ஸ் அணி 100 டாலர் கட்டிக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே போய் இன்னும் மூணு சீசனுக்கு மேல் ஆடினார், 1979-இல் முழு மாரத்தானும் ஓடி முடித்தார்.

அப்புறம் வக்கீல், மாநில அரசின் உதவி அட்டர்னி ஜெனரல். மினசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1992-இல் நடக்க வேண்டிய ஒரு தேர்தலை, இருக்கிற நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் நிறுத்திவிட்டார்கள். பேஜ் வழக்குப் போட்டார். அந்த நீதிபதிகளே அதை விசாரிக்க முடியாது என்பதால் வேறு நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டு, தேர்தல் நடத்து என்று தீர்ப்புச் சொன்னார்கள். நின்றார், ஜெயித்தார். அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயது ஆகிவிட்டால் விலக வேண்டும் என்பது அங்கே சட்டம், 2015 வரை இருந்தார். 2018-இல் அமெரிக்க அதிபர் கையால் சுதந்திரப் பதக்கமும் வாங்கினார்.

ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் தன்னை அறிமுகம் செய்து வைக்க கோச்சையோ சக ஆட்டக்காரரையோ கூப்பிடுவதுதான் வழக்கம். பேஜ் ஒரு பள்ளித் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். மேடையில் ஏறி அவர் பேசியது படிப்பைப் பற்றி. அணிக் கூட்டத்தில் ஆட்ட முறைப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது, கூட ஆடிய சிலரால் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட முடியாமல் போனதை அவர் சொல்லியிருக்கிறார். கல்லூரி வரை போய் வந்தவர்கள் அவர்கள். பந்து நன்றாக ஆடுகிறான் என்று வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு மேலே படிக்க முடியவில்லை.

ஏனென்றால் என்னிடம் ஒரு பையன் இருந்தான். ஸ்டாப்பர். பத்தாவதில் நல்ல மார்க், கணக்கு நன்றாகப் போடுவான். பிளஸ் டூ படிக்கும்போது வெளியூர் டோர்னமென்ட் வந்தது, அதே நாளில் பிராக்டிகல் பரீட்சை. அவனை எடுத்திருந்த கிளப்பில், பரீட்சைக்குப் போனால் டீமில் இடம் கிடையாது, அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குப் போய், வாசல்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி, சம்மதிக்க வைத்தவன் நான். மூணாவது மேட்சில் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்தது. ஆபரேஷனுக்கு அந்த கிளப்பிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, போன் எடுக்கவில்லை. அடுத்த தடவை எழுத வேண்டிய பரீட்சையை அவன் எழுதவே இல்லை. இப்போது சாப்பாட்டுப் பை மாட்டிக்கொண்டு பைக்கில் போகிறான், மாடிப்படி ஏறும்போது வலது காலை முதலில் வைத்து இடது காலை இழுத்துக்கொள்வான். பார்த்தால் இன்னும் "மாஸ்டர்" என்று வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவான்.

எங்கள் காலத்தில் நன்றாக ஆடினால் ரயில்வே, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், வங்கி என்று ஏதாவது ஒரு வேலை கிடைக்கும், அந்தத் தைரியத்தில்தான் என்னைப் போன்றவர்கள் பையன்களைப் புத்தகத்திலிருந்து இழுத்தோம். அந்த வேலையெல்லாம் சுருங்கிப்போய் ரொம்ப நாளாகிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் அதற்கும் கையில் படிப்புச் சர்டிஃபிகேட் வேண்டுமே சார்!

அதனால் கேட்கிறேன். பேஜைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதுங்கள், வக்கீல் புத்தகம் படித்தபடியே அவர் ஆடினார் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். நம் ஊரிலும் ஆடிக்கொண்டே படித்து முடித்தவர்கள் இருப்பார்கள், உங்கள் நிருபரை அனுப்பித் தேடிப் பிடித்து வாரம் ஒருத்தராகப் போடுங்கள். அவர்கள் எந்த நேரத்தில் பிராக்டீஸ் போனார்கள், எந்த நேரத்தில் படித்தார்கள், பரீட்சை வந்தபோது கோச் என்ன சொன்னார் என்று அதையும் கேட்டு எழுதுங்கள். எங்கள் கிரவுண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் காலை ஆறரைக்கு உங்கள் பேப்பர் வந்து விழும், பிராக்டீஸ் முடித்த பையன்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வியாசர்பாடி, சென்னை.