ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கிலிருந்து

அன்புள்ள அப்பா,

நலம். அம்மாவும் நீங்களும் நலமா? "நிலநடுக்கமே வராத தேசத்தில் அதை அளக்கிற பெட்டிக்கு என்ன வேலை?" என்று போனில் கேட்டீர்கள். அதற்குள் சிக்னல் போய்விட்டது. சரி, எழுதியே சொல்லிவிடுகிறேன்.

வராத தேசம் என்று சொல்ல முடியாது. 1988 ஜனவரி 22 அன்று இதே ஊருக்குப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று பெரிய நடுக்கங்கள் வந்தன. தரை சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடித்தது, மண்ணுக்கடியில் போன எரிவாயுக் குழாய் நெளிந்துபோனது. ஆனால் எங்களுக்கு வேண்டியது வெளியூர் நடுக்கம். டோங்கா, பிஜி, இந்தோனேசியா என்று ஆஸ்திரேலியாவைச் சுற்றி எங்காவது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அலைகள் பூமிக்குள் புகுந்து எங்கள் பெட்டிகளுக்கு வருகின்றன.

ரயில்வேயில் இருந்த உங்களுக்கு இது எளிது. புறப்பட்ட நேரமும் தூரமும் தெரிந்த வண்டி தாமதமாக வந்தால், வழியில் எங்கோ பாதை சரியில்லை என்று பொருள். பழைய, குளிர்ந்த பாறையில் அலை வேகமாகப் போகும், சூடான பாறையில் மெதுவாகப் போகும். நூற்றுக்கணக்கான பெட்டிகளின் நேரங்களை ஒப்பிட்டால் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று படமாக வரையலாம். 1909-இல், இப்போது குரோஷியாவில் இருக்கும் ஜாக்ரெப் பக்கத்தில் ஒரு நடுக்கம் வந்தது. அதன் அலை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை பதிவானதைப் பார்த்துத்தான் மோஹோரோவிச்சிச் என்பவர் பூமியின் மேலோடு முடிந்து, அதற்குக் கீழே இருக்கும் மேன்டில் என்ற பாறை அடுக்கு தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்க்கலாமே என்பீர்கள். ரஷ்யாவில் கோலாவில் வருடக்கணக்காகத் துளைத்தும் 12 கிலோமீட்டர்தான் போனது!

நடுக்கம் இல்லாத நாளிலும் வேலை நிற்காது. கடல் அலைகள் ஓயாமல் தரையை லேசாக உலுக்குகின்றன, மேலோட்டைப் பார்க்க அதுவும் பயன்படுகிறது.

இந்தக் கண்டத்தின் மேற்கிலும் நடுவிலும் கடினமான அடிப்பாறையின் தடிமன் 200 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. கிழக்கே பல இடங்களில் அதில் பாதிதான். அப்படி மெலிந்த தென்கிழக்கில் மவுண்ட் கேம்பியர் எரிமலை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புகூட வெடித்திருக்கிறது. தடித்த பாறை முடியும் ஓரங்களில் ஈயம், துத்தநாகம், தாமிரம் அதிகம் கிடைக்கும் என்கிறார்கள். அரசு எங்களுக்குப் பணம் தருவது அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

என் பங்கு பெரும்பாலும் குழி தோண்டுவது. முதலில் நிலத்துக்குரிய வருமுங்கு பழங்குடி மக்களிடமும் பண்ணைக்காரர்களிடமும் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் பெட்டியைப் புதைத்து, சோலார் தகடு மாட்டி, வேலி போடுவோம். வேலி சரியில்லை என்றால் மாடு வயரைக் கடித்துவிடும். செம்மண், ஆளுயரக் கரையான் புற்று, வாயைத் திறக்க விடாத ஈ. இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் தூங்க முடியவில்லை.

அம்மா கறிவேப்பிலை அனுப்பப் போவதாகச் சொன்னாளாமே, வேண்டாம். இங்கே சுங்கத்தில் பச்சை இலை எதையும் விடமாட்டார்கள். பருப்புப்பொடி என்றால் பார்சல் மேல் என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்