பச்சை என்றாலே ஆபத்தும் அல்ல, மஞ்சள் என்றாலே பாதுகாப்பும் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இறால் வளர்ப்புக் கட்டுரையில், விப்ரியோ என்ற பாக்டீரியா வகையை வளர்த்து எண்ணும் டிசிபிஎஸ் தட்டில் பச்சைக் காலனி (பாக்டீரியாக் கூட்டம்) முளைத்தால் ஆபத்து, மஞ்சள் என்றால் பயமில்லை என்று இருந்தது. பண்ணைகளில் பலரும் நம்புவதுதான். ஆனால் அதை நம்பி மருந்து ஊற்றினால் காசுதான் வீண்.

அந்தத் தட்டில் சுக்ரோஸ் சர்க்கரை இருக்கிறது. அதைப் புளிக்கவைக்கும் விப்ரியோ அமிலத்தை வெளியிடும், தட்டிலுள்ள சாயம் மஞ்சளாகும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் சுக்ரோஸைப் புளிக்கவைக்காது, ஆகவே பச்சை. நிறம் சொல்வது இவ்வளவே. குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இறாலைச் சாய்க்கும் இஎம்எஸ் நோய் வருவது பிர்ஏ, பிர்பி என்ற நச்சுப் புரதங்களால். 2013இல்தான் காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று உறுதியானது. நச்சுக்கான மரபணுக்கள் இருப்பது பிளாஸ்மிட் எனும் தனி டிஎன்ஏ வளையத்தில். அது இல்லாத பச்சைக் காலனி இந்த நோயைத் தராது. விப்ரியோ ஹார்வேயி போன்ற வேறு இனங்களிலும் அதே மரபணுக்கள் கண்டறியப்பட்டுள்ளன, ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து மஞ்சளுக்குப் பயமில்லை என்று சொல்ல முடியாது.

தட்டு போடும் முறையிலும் கோளாறு நடக்கிறது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் உப்பில் வாழும் உயிர். உப்பே இல்லாத ஊடகத்தில் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துப் பொருளில்) வளராது. 3 சதவீதம் அளவில் செழிக்கும். 10 சதவீதத்தில் நின்றுவிடும். நீந்த உதவும் முனைக் கசையிழையை (வால் போன்ற இழையை) சுழற்றுவதுகூட சோடியம் அயனிதான். அப்படிப்பட்டதைத் தட்டில் பரப்பும் முன் நீர்க்கச் செய்வதற்காகக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கினால் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். எண்ணிக்கை குறைவாக வரும், குளம் சுத்தம் என்று நினைத்துக்கொள்வோம். கிருமி நீக்கிய 2 சதவீத உப்புக் கரைசலில்தான் நீர்க்கச் செய்ய வேண்டும்.

டிசிபிஎஸ் ஊடகத்தைக் கொதிக்கவைத்தால் போதும், ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலனில்) வைக்கக் கூடாது. 0.1 மி.லி. பரப்பினால் காலனி எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால்தான் ஒரு மி.லி. கணக்கு. இதை மறப்பவர்கள் அதிகம்! தட்டை 18 முதல் 24 மணி நேரத்துக்குள் படித்துவிட வேண்டும். நேரம் கடந்தால் மஞ்சள் காலனிகள் சில பச்சையாகத் திரும்பும். நெருக்கமாக வளர்ந்த தட்டிலோ தலைகீழ்: மஞ்சள் காலனிகளின் அமிலம் பரவி, பக்கத்துப் பச்சையை மறைத்துவிடும். ஆகவே 30 முதல் 300 காலனிகள் வரை தெரியும் அளவுக்கு நீர்க்கச் செய்த தட்டை மட்டும் எண்ணுங்கள்.

அப்படியும் முடிவு சொல்வது, நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனைதான். கல்லீரல்-கணையம் வெளுத்துச் சுருங்கி, குடல் காலியாக இருக்கும் இறாலைத் தேர்ந்தெடுத்து, அந்த உறுப்பை 95 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இறால் வளர்ப்பு வாசகர்,
நாகப்பட்டினம்