பேரப்பிள்ளையைப் பார்க்க எந்தக் கதவைத் தட்டுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மகள் இறந்தபின் மருமகன் பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டுவதில்லை என்று காவல் நிலையத்துக்கு அலையும் முதியவர்கள் நிறையப் பேர். பிள்ளை தகப்பனிடம் இருப்பது குற்றமல்ல. அங்கே கிடைப்பது மனு ரசீதுதான். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டால், மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டியின் முகமே மறந்துவிடும்.

போக வேண்டியது குடும்ப நீதிமன்றம். அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். சிறுவர்களுக்குக் காப்பாளரை நியமிப்பது பற்றிய 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 8-வது பிரிவின்படி, காப்பாளராக நியமிக்கக் கோரி உறவினர் யாரும் மனு செய்யலாம். ஆனால் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்கிறது 9-வது பிரிவு. தாத்தா வீடு தென்காசி, குழந்தை திருப்பூரில் வளர்கிறது என்றால் வழக்கும் திருப்பூரில்தான். குழந்தையின் பிறந்த தேதி, மதம், சொத்து, நெருங்கிய உறவினர்களின் முகவரி, முன்பு ஏதும் மனு போடப்பட்டதா என்பது வரை மனுவில் இருக்க வேண்டும். காப்பாளராகச் சம்மதம் என்று கையெழுத்திடும்போது குறைந்தது இரண்டு சாட்சிகள் தேவை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, "பிள்ளையை எங்களிடமே கொடுங்கள்" என்பதை மட்டும் கேட்பது. தகப்பன் உயிரோடு, தகுதியோடு இருக்கும்போது வேறு காப்பாளரை நியமிக்க 19-வது பிரிவு இடம் தருவதில்லை. 2008-இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் சிறுவனை உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது உண்மை. ஆனால் அங்கே தாயின் மரணம் தொடர்பாகத் தகப்பன் மீதே குற்ற வழக்கு இருந்தது. அப்படிப்பட்ட காரணம் இல்லாதவர்கள், பிரதான மனுவோடு சேர்த்தே, பார்க்கும் உரிமைக்கு ஒரு ஐ.ஏ. (வழக்கு நடக்கும்போதே போடும் இடைக்கால மனு) போட்டுவிட வேண்டும்.

அந்த ஐ.ஏ.வில் "அவ்வப்போது பார்க்க அனுமதி" என்று எழுதினால் உத்தரவும் அப்படியே வரும். அப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல், பரீட்சை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை. கொண்டுவந்து விடுவது யார், எங்கே. தவறினால் அடுத்த சனிக்கிழமை. ஞாயிறு மாலை 6 மணிக்கு வீடியோ அழைப்பு. முழுப்பரீட்சை விடுமுறையில் எத்தனை நாள். இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும். மனுதாரருக்கும் குழந்தைக்கும் இருந்த பழக்கத்தை 17-வது பிரிவு பார்க்கச் சொல்வதால் தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, பழைய புகைப்படங்கள் எல்லாம் உதவும்.

தாத்தா பாட்டி பேரப்பிள்ளையோடு கழிக்கும் நேரத்தையும் வரையறுக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-வது அறிக்கையிலேயே சொல்லியாயிற்று. இன்னும் சட்டமாகவில்லை. நமது எம்.பி.க்கள் இதை அவையில் கேட்க வேண்டும்.

பணமில்லை என்று தயங்குபவர்கள் பாட்டி பெயரில் மனு செய்யட்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி வழக்கறிஞர் இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள அந்த ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்,
மதுரை