கவுன்ட்டருக்கு வராத கேள்விகள்

பாளையங்கோட்டை,
ஆடி 28

அன்புள்ள தோழிக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, அம்மாவுக்கு மருந்து கொடுக்கணும் என்று வைத்துவிட்டேன். அம்மாவின் முட்டுவலி இப்போது பரவாயில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருகிறாள். சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கருக்கலாக இருக்கிறது. காற்றில் குற்றாலத்துச் சாரலின் ஈரம் இங்கே வரைக்கும் வருகிறது.

நீ கேட்டது அப்படியே மனதில் நிற்கிறது. "ஏட்டி, உங்க லைப்ரரியில சாட் வச்சிருக்கீங்களே, அதுல பிரயோஜனம் உண்டா? எங்க காலேஜிலயும் வைக்கச் சொல்லுதாவ."

பிள்ளைகள் செல்போனில் கேள்வி அடித்தால் நூலகர் அப்போதே பதில் அடிக்கிற அந்த சாட்டில் பிரயோஜனம் உண்டு. யாருக்கு என்பது தெரியத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளை நினைத்துப் பார். பாதிப் பேருக்கு வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறாள். வீட்டில் முதன்முதலாக எம்.ஏ. வாசலுக்கு வந்தவர்கள். கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நிற்பார்கள், பின்னால் ஒரு ஸ்காலர் வந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுவார்கள், அப்படியே ரேக்குப் பக்கம் போய் எதையாவது புரட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்! இவர்களுக்குக் கேள்வி எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். சாட் வந்த பிறகு அதே பிள்ளைகள், வாசிப்பு அறையில் எனக்கு இருபதடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் கேட்கிறார்கள். முதல் முறை அது தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரு பிள்ளை "திருநெல்வேலி வரலாறு புக் இருக்கா மேம்" என்று கேட்டாள், ஆங்கில எழுத்தில் தமிழாக. நூலகப் படிப்பில் நாம் படித்தது ஞாபகம் இருக்கும்தானே, முதலில் வரும் கேள்வி உண்மையான கேள்வி கிடையாது என்று. "எதுக்கும்மா, எந்தக் காலத்து வரலாறு?" என்று தமிழிலேயே அடித்தேன். நாலைந்து முறை அங்கும் இங்கும் போன பிறகு விஷயம் வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் அவள் ஊர்க் குளத்தைப் பற்றி ப்ராஜெக்ட். தூத்துக்குடி மாவட்டம் என்று கேட்டலாகில், அதாவது நூலகத்தின் புத்தகப் பட்டியலில், தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல்தான் என்னிடம் வந்திருக்கிறாள். 1986க்கு முன்னால் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது, எல்லாம் திருநெல்வேலிதான் என்றேன். அதையும் இப்போது எழுதுகிற மாதிரி எழுதினால் பழைய புத்தகங்கள் கிடைக்காது, வெள்ளைக்காரன் எழுதிய மாதிரி 'டின்னவெல்லி' என்று போடு, 'டூட்டிகோரின்' என்று போடு, ஆற்றுக்கு 'டாம்பிரபர்ணி' என்றும் போட்டுப் பார் என்று எழுத்துக்கூட்டி அனுப்பினேன். கால்டுவெல்லின் 1881ஆம் வருஷத்து மாவட்ட வரலாறும், பேட் துரை 1917இல் தொகுத்த கெசட்டியர் என்கிற மாவட்ட விவரப் புத்தகமும் வந்துவிட்டன. கெசட்டியரில் பாசனப் பகுதியைப் பிரித்து வை என்றேன். பத்து நிமிஷம் கழித்து, "மேம், எங்க ஊர் பக்கத்து அணைக்கட்டு பேரு இதுல இருக்கு!" என்று ஒரு வரி வந்தது.

சாட்டை அமைத்துத் தந்த கம்பெனிக்காரப் பையன், "எதுக்கு மேடம் ஆள்? பாட்னு தானா பதில் சொல்ற புரோகிராம் வச்சிருவோம், ராத்திரி முழுக்கப் பதில் சொல்லும்" என்றான். நேரம் எத்தனை மணி, ரெனியூ எப்படி, நோ டியூஸுக்கு என்ன வேண்டும், இவற்றுக்கெல்லாம் பாட் போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் வைத்துப் பார்த்த அந்த பாட், இந்தப் பிள்ளைக்குத் திருநெல்வேலி என்று தலைப்பில் வரும் பத்துப் புத்தகத்தை அடுக்கிவிட்டு நன்றி சொல்லியிருக்கும். அவளும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். குளம் என்ற வார்த்தையே வெளியே வந்திருக்காது. அதனால் நான் பிடிவாதமாக நின்று, ஆள் உட்காரும் என்று எழுதி வாங்கினேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீ டிவியில்தான் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு எங்கே, ரோடு எங்கே என்று தெரியவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, சாட்டும் செத்துக் கிடந்தது. லைன் திரும்பி வந்த பிறகு ஒரு பிள்ளையிடமிருந்து முதலில் வந்தது, "மேம் லைப்ரரி புக் தண்ணில நனஞ்சிட்டு. ஃபைன் எவ்ளோ வரும்?" என்பதுதான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. அவள் ஃபைனை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறாள். ஃபைன் கிடையாது என்று முதலில் அடித்தேன். பிறகுதான் மற்றதெல்லாம்: வெயிலில் போடாதே, தாள் முறுகிவிடும். ஒட்டியிருக்கும் பக்கத்தை இழுக்காதே. நடுநடுவே மை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து, அது ஈரமானதும் மாற்று. ஃபேன் காற்று போதும். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டேன். அதற்குத்தான் நீளமாகப் பதில் எழுதினாள். மூன்று புத்தகத்தில் இரண்டு பிழைத்தன. கவுன்ட்டருக்கு அந்தப் பிள்ளை வந்திருக்கவே மாட்டாள்.

நாங்கள் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் யாரும் உட்காராத நேரத்திலும், ஆள் இருக்கிறது என்று காட்டும் சாட்டின் பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. ஒருத்தன் ராத்திரி ஒன்பது மணிக்கு எழுதியிருக்கிறான். கால் மணி கழித்து, "யாராவது இருக்கீங்களா?" மறுபடியும் அதே. பிறகு ஒரு கேள்விக்குறி மட்டும். மறுநாள் காலையில் அதைப் பார்த்தபோது, வாசலில் நின்று கூப்பிட்டவனுக்குக் கதவைத் திறக்காத மாதிரி இருந்தது. இப்போது ஆள் எழுந்தால் விளக்கு அணையும். கேள்வியை எழுதிப் போட ஒரு படிவம் வரும், மறுநாள் பதினொன்றுக்குள் பதில் போகும் என்று நேரமும் அதிலேயே இருக்கும்.

இன்னொன்று. கவுன்ட்டரில் நான் எழுந்து ரேக்குக்குப் போவது பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். சாட்டில் தெரியாது. ஒரு நிமிஷம் சும்மா இருந்தால், மேடத்துக்குக் கோபம் என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். "தேடிட்டு இருக்கேன், மூணு நிமிஷம் இரும்மா" என்று அடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் பேசாதே. பெயர், ஐடி நம்பர் கட்டாயம் என்று வைக்காதே, வைத்தால் கேட்க வேண்டிய பிள்ளை கேட்காது.

காசில்லாத ஓசி சாட் கருவி என்றால் அதில் நடந்த பேச்சுகளை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள், பெயர் வந்திருந்தால் அழித்துவிட்டு. அமெரிக்காவில் எத்தனையோ நூலகங்கள் மீபோ என்ற ஓசி சாட் கருவியை நம்பித் தங்கள் பக்கத்தில் வைத்திருந்தன. 2012இல் கூகுள் வாங்கியது, சில வாரங்களில் மூடிவிட்டார்கள்.

எந்த மென்பொருள் என்று கேட்டாயே, அது பிறகு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உன்னால் ஒரு ஆளை, வேறு வேலை கொடுக்காமல், அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியும்? பிரின்சிபாலிடம் அதை மட்டும் கேட்டு எழுது. இரண்டு மணி நேரம்தான் என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு வை.

ஆவணியில் உங்க பக்கம் லீவு விட்டால் பிள்ளைகளோடு வா. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொதியும் இஞ்சித் துவையலும் அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாளாம்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி