காய்ச்சல் விடட்டும், அப்புறம் மாத்திரை

அன்புள்ள மகளுக்கு,

ரிப்போர்ட் பார்த்தேன். சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு, குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். டாக்டரைக் கேட்காமல் அதை ஆரம்பிக்காதே. முதலில் தொற்று அடங்கட்டும்.

நோய்க் கிருமிகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பெருகுவதற்கு இரும்பு வேண்டும். நம் உடம்பில் 3 முதல் 4 கிராம் வரை இருந்தாலும் அவற்றின் கைக்கு எட்டும்படி எதுவும் கிடப்பதில்லை. பெரும்பங்கு ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் போவதை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்திருக்கும். தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்தும், பழைய சிவப்பணுக்களைச் சிதைக்கும் அணுக்களிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வரும் வழியை அது அடைத்துவிடும். சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் இரும்பின் அளவு இறங்கிவிடும். காய்ச்சலோடு எடுத்த உன் ரிப்போர்ட்டில் தெரிவது இதுவாகவே இருக்கலாம்.

கிருமிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஈ.கோலை என்ற பாக்டீரியா, என்டெரோபாக்டின் என்ற சிறு மூலக்கூறை வெளியே விட்டு டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பறித்துக்கொள்ளும். நம் வெள்ளையணுக்கள் லிப்போகாலின் என்ற புரதத்தால் அந்த மூலக்கூறை மடக்கும். சால்மொனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா அதே மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டவைத்து அந்தப் பிடியிலிருந்தும் நழுவிவிடும். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் கிருமியோ இரும்பையே விட்டுவிட்டு மாங்கனீஸை வைத்துப் பிழைக்கிறது! இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

2009இல் சிகாகோவில் ஓர் ஆய்வாளர், ஆய்வகத்தில் தான் கையாண்ட பிளேக் கிருமி தொற்றி இறந்தார். இரும்பைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாதபடி வலுவிழந்த ரகம் அது, ஆபத்தில்லாதது என்று கருதப்பட்டது. ஆனால் அவருக்கு உடம்பில் இரும்பு மிகுதியாகச் சேரும் பரம்பரை நோய் இருந்தது பிறகுதான் தெரியவந்தது. கிருமிக்கு இருந்த குறையை அந்த இரும்பு ஈடுகட்டியிருக்கலாம் என்கிறார்கள். உன் நிலைமை அதுவல்ல, பயப்படாதே. தொற்று இருக்கும்போது இரும்பை எளிதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று விட்டுவிடாதே. உண்மையிலேயே சோகை இருந்தால் அதுவும் உடம்பைக் கெடுக்கும். குணமான பின், டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டு மறுபடி பரிசோதனை செய். உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். தொற்று இருக்கும்போது அது ஏறிக் காட்டும், அப்போது எடுத்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. குறைபாடு உறுதியானால் சொன்ன காலம் முழுக்க மாத்திரையைப் போடு. புது ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா