விடுபட்ட இரண்டு ரூபாய்

ஆசிரியருக்கு,

கூட்டாக லாட்டரிப் பரிசு வென்ற ஊழியர்களைப் பற்றிய வெளிநாட்டுத் தொடர்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2012-இல் பிபிசி ஒளிபரப்பிய ‘தி சிண்டிகேட்’, லீட்ஸ் நகர சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் ஐவரின் கதை. அதைப் பேராசையின் கதை என்று கட்டுரையாளர் சுருக்கிவிட்டார். கூட்டாளிகளைப் பிரிப்பது பேராசையைவிட, யார் பணம் கொடுத்தார் என்று எழுதி வைக்காததுதான்.

தமிழகத்தில் 2003-இல் லாட்டரி தடைசெய்யப்படுவதற்கு முன், ராயபுரத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் ஆறு பேர், வாரம் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுச் சீட்டு வாங்குவோம். ஒருமுறை ஐந்நூறு ரூபாய் விழுந்தது. அந்த வாரம் ஒருவர் பணம் தரவில்லை. ‘என் பங்கையும் சேர்த்துப் போடு’ என்று சொன்னதாக அவர். சொல்லவே இல்லை என்று சீட்டு வாங்கியவர். (பஞ்சாயத்துக்கு ஆன டீச்செலவு போக மிஞ்சியது சொற்பம்.) இருவரும் அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை. இத்தகைய தொடரைத் தமிழில் எடுக்க நினைப்போர் லாட்டரியை விட்டுவிட்டு, வடசென்னைப் பட்டறைகளில் இன்றும் நடக்கும் தீபாவளிச் சீட்டைக் கதைக்களமாக்கலாம். நோட்டுப் புத்தகத்தில் வரவு எழுதும் காட்சி ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

- வாசகர், ராயபுரம், சென்னை-13